ஊர்க்காசு ஏற்றிய கார்ட்

தியாகராஜா எவர் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்கமாட்டார். முப்பத்தொரு வருடமாக மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. அஸ்கிரிய மேட்டிலும் அனிவத்தை ஏற்றத்திலும் வெயிலில் மூச்சிரைக்க ஏறி வருகிற மனுசனுக்கு வீட்டுக்காரர்கள் ஒரு கோப்பை பிளேன்டீ நீட்டுவது கண்டியில் வழக்கம்தான். மற்ற மீட்டர்காரர்கள் வாங்கிக் குடிப்பார்கள், பிஸ்கட் வைத்தால் அதையும் விடமாட்டார்கள். இவர் மட்டும், "வேணாங்க, இப்பதான் குடிச்சேன்" என்று பச்சைப் பொய் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். தேத்தண்ணி குடித்தால் அந்த வீட்டு மீட்டரைக் குறைத்து எழுதிவிட்டான் என்று எவனாவது சொல்லிவிடுவானாம்! அப்படிச் சொல்ல எவனுக்கு ஐயா நேரம் இருக்கிறது என்று மனைவி கமலம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

இந்தப் பயம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. அவர் குடியிருக்கிற மஹய்யாவையில் ஒரு மரண உதவிச் சங்கம் உண்டு. வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று சேர்த்து வைத்து, எங்காவது சாவு விழுந்தால் கூடாரம், கதிரை, பெட்டி எல்லாவற்றையும் சங்கமே பார்த்துக்கொள்ளும். பதினைந்து வருடத்துக்கு முன் தியாகராஜாதான் அதற்குப் பொருளாளர். வருடக் கூட்டத்தில் கணக்கு ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய் குறைந்து இடித்தது. பக்கத்து வீட்டு சுதேஷ் எழுந்து நின்று, "அண்ணே, அந்தக் காசுல வீட்டுல என்ன ஆக்குனீங்க, கோழியா, ஆடா?" என்று கேட்டான். கூட்டமே சிரித்தது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கூடாரக்காரனின் பில் ஒன்று இன்னொரு பில்லோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கணக்கு சதத்துக்குச் சரி. ஆனால் சிரித்த கூட்டத்தைத் திரும்பக் கூட்டி, பிழை எங்கள்மேல்தான் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. பொருளாளர் வேலையை அன்றைக்கே விட்டார். அதற்குப் பிறகு ஊர்க்காசு என்றாலே மனுசனுக்கு நெருப்பு. கை சுத்தமான ஆள் என்று நாலு பேர் சொன்னால் போதும், சோறு வேண்டாம் அவருக்கு.

மகன் கிருஷாந்தன் அப்பனுக்கு நேர் எதிர். டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை. யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக் குடித்துவிட்டு, "அன்டி, சீனி கொஞ்சம் கொறைவு" என்று குறை வேறு சொல்லுவான். அப்படியும் அவனை எவரும் கோபித்ததில்லை. இருபத்திரண்டு வயது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இருதய வால்வைப் பழுதாக்கிவிட்டுப் போயிருந்தது. மஹய்யாவைப் படிக்கட்டில் ஐந்தாறு படிக்கு ஒரு தரம் நின்று, போனில் ஏதோ பார்ப்பதுபோல் பாவனை செய்வான். மூச்சு வாங்குவது பிறத்தியாருக்குத் தெரியக் கூடாதாம். கமலத்துக்கா தெரியாது? கடைகளுக்கு இடியப்பம் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு பின்னால் வருகிறவள், தானும் நின்று சேலையைச் சரிசெய்வாள்.

போன வருடம் அவனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. வால்வை மாற்றியே ஆகவேண்டும், நாள் கடத்தாதீர்கள் என்றார் டொக்டர். இங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை எப்போது வரும் என்று எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. திருச்சியில் ஒரு தனியார் இருதய ஆஸ்பத்திரியில் உடனே செய்வார்கள் என்று கம்பளையில் ஒருவர் சொன்னார். அவருடைய அண்ணனுக்கு அங்கேதான் செய்ததாம், இப்போது லொறி ஓட்டுகிறாராம். கமலம் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

காசு? அதை ஊர் பார்த்துக்கொண்டது. ஹார்ட்வெயார் கடை மர்சூக் நானா முதல் ஆளாக இரண்டு லட்சம் வைத்தார். சபையில் குப்பை லொறிக்காரர் முதல் கந்தோர் கிளார்க் வரை ஒரு நாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். அந்த சுதேஷே புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் பத்தொன்பது லட்சத்துச் சொச்சம் சேர்ந்தது. மஹய்யாவையில் இப்படிக் காசு சேர்த்தால் ஒரு முறை உண்டு. கொடுத்தவர் பெயர், கொடுத்த தொகை எல்லாம் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுவார்கள். காரியம் முடிந்ததும் வாங்கியவர் வந்து செலவுக் கணக்கை அதே இடத்தில் ஒட்டவேண்டும். யாரும் அதைப் பெரிதாக வாசிப்பதுகூட இல்லை. தியாகராஜா மட்டும் நின்று முழுப் பட்டியலையும் வாசித்தார். இருநூறு ரூபாய் கொடுத்த வீதி கூட்டுகிற அம்மாவின் பெயர் வந்தபோது அழுதார். நன்றியில் பாதி, பயத்தில் பாதி.

டிக்கெட்டை அவர் ஊர்க்காசில் எடுக்கவில்லை. கமலத்தின் வளையலை அடகு வைத்து எடுத்தார். வங்கிக்கு மூவரும் போனார்கள். அங்கே ரிப்கா என்று ஒரு பிள்ளை, தலையை மூடித் தட்டம் போட்ட சிரித்த முகம். கடவுச்சீட்டு, விசா, டிக்கெட் எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்து, கார்ட் ஒன்றை எடுத்து வைத்தாள்.

"அங்கிள், இத்தன டொலரையும் கையில கொண்டு போய்க் களவு போனா போனதுதான். இதுல ஏத்திட்டோம்னா அங்க ஆஸ்பத்திரி மெஷின்லயே இழுத்துக் கட்டேலும். நாலு நம்பர் ஒன்னு தருவோம். அத மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க, மறக்கவும் வேணாம்."

"மிச்சம் வந்தா?" தியாகராஜா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"மிச்சம் இருந்தா வந்து எங்ககிட்டயே மாத்தி எடுக்கலாம். அது பெறகு பாப்போம் அங்கிள். மொதல்ல மகன் சொகமாகி வரட்டும்."

ஆறாயிரத்து இருநூறு டொலர் ஏறியது. கார்ட்டைக் கைக்குட்டையில் சுற்றி, சட்டையின் உள்பையில் வைத்து, மேலே ஊக்கும் குத்திக்கொண்டார். கிருஷாந்தன் சிரித்தான். "அப்பா, நெஞ்சுல எனக்குத்தான் ஒப்பரேசன், ஒங்களுக்கில்ல" என்றான். கமலத்துக்குக்கூட அன்றைக்குச் சிரிப்பு வந்தது.

கமலம் கூடப் போக முடியவில்லை. மகள் நிரோஷினிக்குச் சாதாரண தரப் பரீட்சை. மேலும் மூன்றாவது டிக்கெட்டுக்கு வளையலும் இல்லை. அப்பனும் மகனும் ஒரு திங்கட்கிழமை திருச்சி போய்ச் சேர்ந்தார்கள். போன கையோடு தியாகராஜா தனக்கொரு சட்டம் போட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் மட்டும்தான் கார்ட். லொட்ஜும் சாப்பாடும் கையில் கொண்டுபோன சொந்தக் காசில். மகனுக்கு மூன்று வேளையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் காலையில் இரண்டு இட்டிலி, பகலில் பச்சைத் தண்ணி. இப்படிச் செய்யச் சொல்லி அந்தப் பட்டியலில் இருந்த ஒருத்தரும் கேட்கவில்லை. அட மனுசா, உன் வயிற்றைக் காயப்போட்டால் எவன் வந்து மாலை போடப்போகிறான்!

செவ்வாயும் புதனும் ஸ்கேன், இரத்தம், டொக்டர் என்று போயின. கார்ட் முந்நூற்றுப் பன்னிரண்டு டொலரைத் தின்றது. வியாழக்கிழமை காலையில் பெரிய டொக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கே சேர்த்துவிடுங்கள், சனிக்கிழமை செய்துவிடலாம் என்றார். தியாகராஜாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று. மகனை வாங்கில் உட்காரவைத்துவிட்டுக் காசு கட்டுகிற இடத்துக்குப் போனார்.

"அட்வான்ஸ் மூணரை லட்சம் சார். எல்லாம் முடியறப்போ நாலே முக்கால்கிட்ட வரும்" என்றாள் அங்கே இருந்த பெண். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "சிலோனா நீங்க? கஷ்டம்னா கன்செஷனுக்கு எழுதிக் குடுக்கலாம் சார். ஒன்னரை லட்சம் வரைக்கும் கொறைப்பாங்க. ஆனா கமிட்டி செவ்வாய்க்கிழமைதான் உக்காரும். அட்மிஷன் போட்டுட்டா அப்புறம் கன்செஷன் கெடையாது."

ஒன்றரை லட்சம் இந்தியக் காசு! அவருடைய மூளை உடனே கணக்குப் போட்டது. இலங்கைக் காசில் ஐந்து லட்சத்துக்கு மேல். சபைக்காரர்களின் ஒரு நாள் சம்பளம் முழுக்கத் திரும்ப வந்துவிடும். குறைத்துத் தருகிறோம் என்று அவர்களே சொல்லும்போது கேட்காமல் கட்டினான், ஊரான் வீட்டுக் காசுதானே என்று அள்ளி விட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் கோயில் சுவரடியில் நின்று சொன்னால்? கார்ட்டை வெளியே எடுக்கக்கூட இல்லை. ஊக்கின்மேல் விரலை வைத்தபடியே நின்றார்.

"சார், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள் அந்தப் பெண். பெரிய டொக்டர் சத்திரசிகிச்சைக்குப் போயிருந்தார். தியாகராஜா ஒரு இளம் டொக்டரைப் பிடித்தார். "செவ்வாய்க்கிழமை மட்டும் தாங்குமாங்க?" என்று கேட்டார். இன்றைக்கே சேர்க்கச் சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. மருந்து தொடரட்டும், நடக்கவிடாதீர்கள், மூச்சு முட்டினால் உடனே கொண்டுவாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். அதைத் தியாகராஜா, தாங்கும் என்று எடுத்துக்கொண்டார். கன்செஷன் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு லொட்ஜுக்குத் திரும்பினார்.

லொட்ஜில் போன் அடித்தது. கமலம்.

"சேத்துட்டீங்களா? எந்த வாட்டு?"

இந்த இடத்தில் அவர் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் போனுக்குள்ளேயே வந்து அவரைப் பிடித்து உலுக்கியிருப்பாள், அது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆகவே வாயில் வந்ததைச் சொன்னார்.

"கார்ட் வேலை செய்யலம்மா. மெஷின்ல எடுக்குது இல்ல. செவ்வாய்க்கிழமைதான் சரிவருமாம்."

"ஐயோ, என்னங்க சொல்றீங்க! காசு கெடக்குதானே அதுல? அந்தப் புள்ளைக்குப் போன் பண்ணுங்க, பேங்க்குக்கு!"

"எல்லாம் சொல்லியாச்சு. நீ பயப்படாத."

போனை வைத்ததும் கட்டிலில் படுத்திருந்த கிருஷாந்தன் தலையைத் திருப்பினான். "கார்ட் நேத்து வேலை செஞ்சுச்சே அப்பா?"

"அம்மா சத்தம் போடுவாடா. அஞ்சு நாள். அஞ்சு லட்சம் மிச்சம்."

அவன் சீலிங் பேன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சரி, நீங்க சொன்னா சரி" என்றான். அப்பன் சொன்னதை அவன் நம்பினான்.

வெள்ளிக்கிழமை மருந்துக்குப் பதினொரு டொலர். சனிக்கிழமை அவன் தலையணை இரண்டை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினான். தியாகராஜா பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். செவ்வாய்க்கு இன்னும் மூன்று நாள், இரண்டு நாள் என்று விரல் மடக்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இட்டிலி வாங்கிக்கொண்டு வந்தபோது கிருஷாந்தன் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். வாயோரத்தில் இளஞ்சிவப்பாய் நுரை. ஓட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனார். பத்து மணி இருபது நிமிடத்துக்கு, முடிஞ்சிருச்சு சார் என்றார்கள்.

மூன்று நாள் முந்தி இதே கட்டடத்தில்தான் அவனை வாங்கில் உட்காரவைத்திருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை. அவசரப் பிரிவுக்கு இருநூற்று இருபத்தேழு டொலர், பெட்டிக்கும் விமானத்துக்கும் ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு டொலர். அப்போது கார்ட்டை எடுத்து நீட்டினார், நாலு நம்பரையும் மறக்காமல் அடித்தார். இந்தச் செலவைப் பட்டியலில் எவரும் பிழை சொல்லமாட்டார்கள் என்று ஒரு நினைப்பு அந்த நேரத்திலும் அவருக்கு ஓடியது. அப்படி நினைத்ததற்காகத் தன்னைத்தானே அறைந்துகொண்டார். காசு வாங்கியவன் திகைத்துப் போய்ப் பார்த்தான்.

மஹய்யாவையில் சாவு வீடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கமலம் பெட்டியின்மேல் விழுந்து கத்தினாள். "என் புள்ளைய வாட்டுல சேக்க ஏலாத கார்ட், பொட்டி வாங்க மட்டும் வேலை செஞ்சுச்சாடா! பாவிங்களா, நாசமாப் போவீங்கடா!" கூடி நின்றவர்கள் எல்லாம் வங்கியைச் சபித்தார்கள். தியாகராஜா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடும் என்ற பயத்தில் அவர் அழவும் இல்லை. மனுசன் கல்லாகிவிட்டான் என்று சனம் இரக்கப்பட்டது.

அதற்குப் பிறகு கமலத்துக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்தக் கோபம்தான். விடிந்தால் இடியப்பம் பிழிவாள், கொடுத்துவிட்டு வருவாள், வந்து உட்கார்ந்து வங்கியைத் திட்டுவாள். முக்கியமாக ரிப்காவை. "சிரிச்சுச் சிரிச்சுக் கழுத்தறுத்தாளே அந்தப் பொண்ணு! அவ கைய வச்ச கார்ட்தானே!" கருமாதி முடிந்ததும் சுதேஷ் ஒரு மனு எழுதினான். வங்கி கொடுத்த பழுதான கார்ட்டால் ஒரு உயிர் போனது, கொடுத்த உத்தியோகத்தரை விசாரிக்கவேண்டும் என்று. முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் கையெழுத்துக்கு இடம் விட்டு அதைத் தியாகராஜாவிடம் கொண்டுவந்தான்.

"வேணாம் சுதேஷ். செத்தவன் திரும்பி வரவா போறான்?"

"அண்ணே, ஒங்களுக்கு இரக்கம் கூடிப்போச்சு" என்றான் சுதேஷ். கண் கலங்கியிருந்தது அவனுக்கு. மனுவைக் கமலம் வாங்கி வைத்துக்கொண்டாள்.

தியாகராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. ஒன்றும் அறியாத ஒரு பெண்பிள்ளையின் வேலை போகப்போகிறது, தன் ஒரு பொய்யால். மறுபக்கம் கார்ட்டில் இன்னும் நாலாயிரம் டொலருக்கு மேல் கிடக்கிறது. ஊர்க்காசு. ஒருத்தரும் கேட்கவில்லை. மர்சூக் நானா வழியில் கண்டு, "அந்த மிச்சத்த மகளுக்கு வைங்க அண்ணன், அது எங்களுக்கு வேணாம்" என்றுகூடச் சொல்லிவிட்டார். இவரால் முடியுமா? செலவுக் கணக்கு ஒட்டாத கோயிலின் வெறும் சுவர் வழியில் ஒவ்வொரு நாளும் அவரைப் பார்த்தது. காசைத் திருப்பிக் கொடுக்க வங்கிக்குப் போகவேண்டும். போனால் கமலத்துக்குத் தெரிந்துவிடலாம். தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு மிச்சமென்று ஒன்றும் இல்லை. இப்படியே நாற்பது நாள் போயிற்று.

நாற்பத்தோராம் நாள், கமலம் இடியப்பம் கொடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, அலுமாரியைத் திறந்து கார்ட்டையும் கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் கமலம் வெறுங்கூடையோடு ஏறி வந்தாள்.

"எங்க போறீங்க?"

"பேங்க்குக்கு. மிச்சக் காச எடுத்துக் குடுத்துரலாம்னு."

"நில்லுங்க. நானும் வாறேன். அந்தப் புள்ள மொகத்தப் பாத்து நாலு கேள்வி கேக்காம எனக்கு ஆறாது."

"வேணாம் கமலம். நீ அங்க வந்து சத்தம் போட்டா..."

"போடுவேன். என்ன செய்வாங்க, பொலிசக் கூப்புடுவாங்களா? கூப்புடட்டும்!" கூடையை வீட்டில் எறிந்துவிட்டு மனுவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

டவுனுக்கு நடந்துதான் போனார்கள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று அவருக்குள் ஒன்று அடித்துக்கொண்டே வந்தது. கத்தோலிக்க மயானத்து மதிலருகே, "கமலம்" என்று கூப்பிட்டார். அவள் திரும்பினாள். அழுதழுது கண் இரண்டும் உள்ளே போன அந்த முகத்தைப் பார்த்து, "வெயிலா இருக்கு, பஸ்ல போவமா?" என்று கேட்டார். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இன்னொரு தடவை வாயைத் திறந்தார். ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, அவ்வளவுதான், மூடிக்கொண்டார். வங்கி வாசலில் காவல்காரன் கதவைத் திறந்துவிட்டான். அதற்கு மேல் எங்கே சொல்வது?

ரிப்கா இவர்களைக் கண்டதும் எழுந்துவிட்டாள். செய்தி அவளுக்கும் போயிருந்தது. அவளுடைய சிரிப்பைக் காணவில்லை.

"அன்டி, உக்காருங்க. நான் வீட்டுக்கு வரத்தான் நெனச்சேன். வர பயமா இருந்திச்சு."

கமலம் உட்காரவில்லை. மனுவை மேசையில் வைத்தாள். "முப்பத்தெட்டுப் பேரு கையெழுத்து வச்சிருக்காங்க மகள். ஒங்க கார்ட் வேலை செய்யாமத்தான் என் புள்ள போச்சு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில எடுக்கலியாம். எங்க ஊட்டுக்காரரு மெஷினுக்கு முன்னுக்கு நின்டிருக்காரு, கார்ட்ட வச்சிக்கிட்டு. என் புள்ள வாங்குல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்திருக்கான்." பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரிப்காவின் கண்ணில் நீர் தளும்பியது. "எனக்கும் நம்ப ஏலாம இருக்கி அன்டி. அங்கிள், கார்ட்டத் தாங்க. எந்த மெஷின்ல மறுத்திருந்தாலும் இங்க பதிவு விழும். பாத்துட்டு நானே மேல எழுதிப் போடுறேன்."

தியாகராஜாவின் கை உள்பைக்குப் போகவில்லை. "இல்ல மகள், அது... மிச்சத்த மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருவோம். பழசக் கிண்டி என்ன..."

"குடுங்க!" என்றாள் கமலம். ஊக்கைக் கழற்ற அவருக்கு வரவில்லை. அவளே கழற்றி, கைக்குட்டையை அவிழ்த்து, கார்ட்டை எடுத்துக் கொடுத்தாள்.

ரிப்கா கணினியில் பார்த்தாள். ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். பிறகு தியாகராஜாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை; அதுதான் அவரைக் கொன்றது. அவள் திரையை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள்.

"சொல்லுங்க மகள்" என்றாள் கமலம். "எங்க பிழை நடந்திருக்கு?"

"அன்டி... வியாழக்கிழமை ஒன்னுமே விழல்ல. யாரும் கார்ட்ட மெஷின்ல போடல்ல. கார்ட்டுல அன்டைக்கு அஞ்சாயிரத்து எண்ணூத்தி எண்பத்தெட்டு டொலர் இருந்திருக்கி. வெள்ளிக்கிழமை மருந்துக் கடையில பதினொரு டொலர் போயிருக்கி. கார்ட்..." அவளால் முடிக்க முடியவில்லை.

"வேலை செஞ்சிருக்கு" என்று கமலம் முடித்தாள்.

தியாகராஜா நிலத்தைப் பார்த்தபடி பேசினார். தானாகவே வந்தது. கன்செஷன், செவ்வாய்க்கிழமை, ஒன்றரை லட்சம். "ஊர்க்காசு கமலம். கொறைச்சுத் தாறேன்னாங்க. கேக்காமக் கட்டிட்டான்னு நாளைக்கு ஒரு சொல்லு..." சொல்லச் சொல்ல அவருக்கே அது எவ்வளவு சின்ன விசயம் என்று தெரிந்தது.

கமலம் அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தாள். நெஞ்சில் அடித்துக்கொள்வாள், கத்துவாள் என்று அவர் காத்திருந்தார். அடிக்க மாட்டாளா என்றுகூட இருந்தது அவருக்கு. அவள் மேசையில் கிடந்த மனுவை எடுத்து நாலாக மடித்தாள். பிறகு கையை நீட்டி ரிப்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாப்பது நாளா ஒங்களத்தான் வஞ்சேன் மகள். ஒங்க வயித்துல புள்ள தங்கக் கூடாதுன்னுகூட ஒரு நாள் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. ஒங்க மேல ஒரு பிழையும் இல்ல."

ரிப்கா அழுதுவிட்டாள். "ஐயோ அன்டி, அப்பிடிச் சொல்லாதீங்க, உம்மா மாதிரி நீங்க."

கமலம் எழுந்தாள். தியாகராஜாவை அவள் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, வழக்கமான அதே மரியாதையோடு பேசினாள்.

"காச ஆளாளுக்குத் திருப்பிக் குடுத்துருங்க. ஒரு சதம் கொறையக் கூடாது. கார்ட் வேலை செய்யலன்னே ஊரு நெனைக்கட்டும், இந்தப் புள்ளட பேர மட்டும் நான் சரிபண்ணிர்றேன். ஒங்கள யாரும் ஒன்னும் சொல்லமாட்டாங்க. என் புள்ளையக் குடுத்து நீங்க வாங்குன பேரு, அத நான் கெடுக்கமாட்டேன்."

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். தியாகராஜா எழுந்து பின்னால் ஓடப் பார்த்தார். "அங்கிள்" என்று ரிப்கா கூப்பிட்டாள். மீதி நாலாயிரத்து முப்பத்தெட்டு டொலர், இன்றைய விலைக்கு மாற்றவேண்டும், பாரத்தில் மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டும். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து, மூன்று இடத்திலும் கையெழுத்து வைத்தார்.